வெளிநாட்டுத் தன்னார்வலருக்கு ஊர் வரவேற்பு: வேலூர்ப் பக்கத்து ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு வட்டாரத்து ஊர்களுக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்களை அழைத்துச் சென்று தங்கவைப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆள் வருகிறார் என்று சொன்ன மறுநாளே தொலைபேசி ஒலிக்கும். ஊராட்சித் தலைவர், மகளிர் குழுத் தலைவி, தலைமை ஆசிரியர், வீடு கொடுப்பவர் என்று யார் பேசினாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அவரவர் கேட்டபடியே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

மூன்று மாதம் தங்கிப் பள்ளிக்கூடத்தில் உதவி செய்ய ஒருவர் வருகிறார். வரவேற்பு என்று ஒன்று கட்டாயம் வேண்டுமா? பேசாமல் வந்து வேலையைத் தொடங்கினால் என்ன?

வேண்டும். வருகிறவருக்காக இல்லாவிட்டாலும் ஊருக்காக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் காலையில் தெருவில் நடக்கிறார், மாலையில் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் நிற்கிறார் என்றால், யார் வீட்டு விருந்தாளி, எதற்கு வந்திருக்கிறார் என்று டீக்கடை கேட்கத்தான் செய்யும். பதில் கிடைக்காவிட்டால் தானாகவே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். மதம் மாற்ற வந்தவர், நிலம் பார்க்க வந்தவர், இன்னும் மோசமாகவும் கதை கட்டுவார்கள். அரை மணி நேர வரவேற்பு இந்தக் கதைகளில் பாதியைக் கிள்ளி எறிந்துவிடும்.

நம் பக்கத்துக்கு வெளிநாட்டவர் புதியவர்கள் இல்லை. 1853இல் ஆற்காடு மிஷன் தொடங்கியது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அவருடைய வண்டிக்காகக் குடியாத்தம் சாலை மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருந்தார்கள். ஆனால் அவர் கையில் மருத்துவம் இருந்தது, வாயில் தமிழ் இருந்தது. இன்று வரும் இருபது வயதுப் பிள்ளையிடம் பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்போவது ஊர்தான். வரவேற்பை அந்தக் கணக்கில் வையுங்கள்.

முறை என்று ஏதாவது இருக்கிறதா? எதற்குப் பின் எது?

சாத்திரம் ஒன்றும் இல்லை, பழக்கம் இருக்கிறது. ஊர் எல்லையில் அல்லது நிகழ்ச்சி நடக்கும் இடத்து வாசலில் ஆரத்தி. பிறகு சந்தனம், குங்குமம், பன்னீர் தெளித்தல், கற்கண்டு. உள்ளே போய் உட்கார்ந்ததும் மாலை அல்லது சால்வை. ஊர்ப் பெரியவர் ஒருவர் நான்கு வார்த்தை பேசுவார், வந்தவர் இரண்டு வார்த்தை பேசுவார். அதோடு காப்பி அல்லது சாப்பாடு. இதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் ஆடம்பரம்.

ஆரத்தியில்தான் கோட்டை விடுகிறார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் தூள் கரைத்து, மிளகளவு சுண்ணாம்பு சேர்த்தால் போதும், சிவந்துவிடும். நிறம் இன்னும் ஏறட்டும் என்று சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிட்டு அதே நீரைத் தொட்டு நெற்றியில் வைத்தால் வெளுத்த தோல் எரியும். கடையில் மலிவாக விற்கும் சாயக் குங்குமமும் அப்படித்தான், தடிப்பு வந்துவிடும். கற்பூரத்தை வெற்றிலையின் மேல் வைத்து ஏற்றி, மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் தட்டு நீரைத் தெருவில் ஊற்ற வேண்டும். பாதையை விட்டு ஓரமாக ஊற்றுங்கள். பின்னால் வருகிறவர்கள் அதை மிதிக்கக்கூடாது என்று பெரியவர்கள் பதறுவார்கள்.

பூரண கும்பம் வைக்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. கோயிலுக்கும் மடத்துக்கும் உரிய மரியாதையைக் கல்லூரிப் பிள்ளைக்குக் கொடுத்தால் அவருக்கும் கூச்சம், பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு.

எந்த நேரத்தில் வைத்தால் நல்லது?

பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள் ராகு காலம், எமகண்டம் பார்க்கட்டும். நான் வெயிலைப் பார்க்கச் சொல்வேன். வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் திறந்த வெளியில் மாலையும் சால்வையும் போட்டு ஒருவரை நிற்கவைப்பது வரவேற்பில் சேராது. கத்திரியில் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல். மாலை நேரம் என்றால் நூறு நாள் வேலைக்கும் தோல் பொருள் கம்பெனிக்கும் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், கூட்டமும் சேரும்.

முதல் நாள் இரவு விமானத்தில் வந்தவரை மறுநாள் விடியலிலேயே மேடையேற்றாதீர்கள். ஒரு நாள் தூங்கவிடுங்கள்.

வருகிறவருக்கு முன்கூட்டியே என்ன சொல்லிவைக்க வேண்டும்?

செருப்பை எங்கே கழற்றுவது, எதை எந்தக் கையால் வாங்குவது, ஆரத்தி முடியும்வரை நகராமல் நிற்பது. வெள்ளைச் சட்டை வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள், மஞ்சள் கறை போகாது. தட்டில் போட நூற்றொரு ரூபாயோ ஐம்பத்தொரு ரூபாயோ சட்டைப் பையில் தயாராக இருக்கட்டும். அந்தக் காசு ஆரத்தி எடுத்தவருக்கே சேரும், அதை ஊர்க் கணக்கில் சேர்க்கக்கூடாது.

பேச்சு இரண்டு வாக்கியம் தமிழில் இருந்தால் போதும். வணக்கம், என் பெயர், உங்கள் ஊருக்கு வந்ததில் மகிழ்ச்சி, அவ்வளவுதான். உச்சரிப்பு தடுமாறினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடக்க வேண்டாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர்கள் கிட்டே வந்து பேசத் தொடங்குகிறார்கள்.

வருகிறவர் இளம்பெண். மாலையை ஊராட்சித் தலைவர் போடலாமா?

போடாமல் இருப்பது நல்லது. ஆண் பெண்ணுக்கு மாலை போடுவது நம் ஊரில் எதை நினைவூட்டும் என்று எல்லோருக்கும் தெரியும், பின்வரிசையில் ஒரு விடலைக் குரல் அதைச் சொல்லியும் காட்டும். பெண்ணுக்குப் பெண் போடட்டும். தலைவர் ஆணாக இருந்தால் சால்வையையோ புத்தகத்தையோ கையில் கொடுக்கலாம். தலைவர் பெண்ணாக இருந்தும் கணவர் மாலையோடு முன்னால் வந்து நிற்கும் ஊர்கள் உண்டு. அங்கே தலைவியின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி அழையுங்கள், வேறு வழியில்லாமல் அவர் கைக்கு மாலை வந்துவிடும்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஆளுயர ரோஜா மாலை கிடைக்கும். வாங்காதீர்கள். ஒற்றைச் சரம் சம்பங்கியோ சாமந்தியோ போதும். பெண்ணாக இருந்தால் ஒரு முழம் மல்லிகை. தலையில் வைப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பூவாசம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

பொட்டு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் ஊருக்கு அவமானம் ஆகாதா?

முன்கூட்டியே தெரிந்தால் ஆகாது, கடைசி நொடியில் முகத்தைத் திருப்பினால்தான் சிக்கல். வருகிறவர் முஸ்லிமாக இருக்கலாம், சில கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவராக இருக்கலாம், எந்த நம்பிக்கையும் இல்லாதவராகவும் இருக்கலாம். ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். பொட்டும் ஆரத்தியும் இல்லாமல் பன்னீர், கற்கண்டு, சால்வை என்று வைத்தாலும் வரவேற்பு நிறைவாகவே இருக்கும். பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் விருந்தாளியை அத்தர் தடவி, சால்வை போட்டு உட்காரவைப்பதில் என்ன குறை கண்டோம்?

வரவேற்பை அம்மன் கோயில் வாசலில் வைக்கும் ஊர்கள் அதிகம். வருகிறவர் உள்ளே வரலாமா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். பூசாரியிடமும் பெரியவர்களிடமும் முதல் நாளே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். வாசற்படியில் நிறுத்திவைத்துக்கொண்டு விவாதிக்காதீர்கள்.

எங்கள் குழுத் தலைவி கணவரை இழந்தவர். அவர் ஆரத்தி எடுத்தால் சிலர் முணுமுணுப்பார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் சத்தமாகக் கேட்டதில்லை. எல்லோரும் தனியாக அழைத்துத்தான் கேட்பார்கள்.

கே.வி.குப்பம் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பூவுக்குச் சொன்னதும், கோலம் போட ஆள் சேர்த்ததும், வீடு வீடாகப் போய் அரிசி வாங்கியதும் குழுத் தலைவிதான். ஆரத்தி கரைத்ததும் அவரேதான். வண்டி வந்து நின்றதும் தட்டை மருமகளிடம் கொடுத்துவிட்டு ரேஷன் கடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விரலில் ஒட்டிய மஞ்சளை முந்தானையில் துடைத்தபடி அங்கிருந்தே மருமகளுக்குச் சைகை காட்டினார். வலது பக்கமாகச் சுற்று என்று. வந்த பெண் கடைசிவரை அவர் யாரென்று தெரியாமல் எல்லோருக்கும் கைகூப்பிவிட்டுப் போனார். அடுத்த வாரம் முழுக்க அந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டது அந்தத் தலைவியின் வீடு.

எனவே குழுக் கூட்டத்திலேயே, தலைவிதான் எடுக்கிறார் என்று முடிவு செய்து எழுதிவிடுங்கள். எழுதிய முடிவோடு சண்டை போட ஆட்கள் தயங்குவார்கள். அதுவும் முடியாத ஊரில் குழுப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தட்டோடு வரிசையாக நில்லுங்கள். பதினைந்து தட்டுகளில் எது யாருடையது என்று யார் எண்ணப் போகிறார்கள்?

ஊர்க்காரர்கள் காலனிக்கு வரமாட்டார்கள், காலனிக்காரர்களைக் கோயில் தெருவுக்கு அழைத்தால் பிரச்சினை. இரண்டு இடத்தில் தனித்தனியாக வைத்துவிடலாமா?

கூடாது. இரண்டு வரவேற்பு வைத்தால் அந்தப் பிரிவினையை வெளிநாட்டுக்காரர் கையாலேயே திறந்துவைத்ததாகிவிடும். முதலில் எந்தத் தெருவில் மாலை விழுந்ததோ, அந்தத் தெருவின் ஆள் என்று அவருக்கு முத்திரை விழும். பிறகு மூன்று மாதம் அவர் என்ன செய்தாலும் மற்றத் தெரு நம்பாது. வரவேற்பில் மற்ற எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

இடம் பொதுவாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், நூலகம் எதுவானாலும் சரி. தேதி ஒத்துவந்தால் கிராம சபையிலேயே அறிமுகப்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஒன்று வருகைக்குப் பக்கத்தில் விழ வாய்ப்பு உண்டு. அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் சட்டப்படி இடம் இருக்கிறது, யாரும் யாரையும் அழைக்கவோ தடுக்கவோ வேண்டியதில்லை. நடந்து வரும் வழியும் காலனித் தெருவைத் தொட்டு வரட்டும். வர முடியாது என்று மிரட்டுகிறவர்களிடம் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நினைவூட்டலாம். ஆனால் முதல் பேச்சிலேயே அதை எடுக்காதீர்கள், பெரியவர்கள் இரண்டு பேரைச் சரிக்கட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

பறை வைக்கலாமா, பம்பை வைக்கலாமா?

இரண்டும் நம் மண்ணின் இசைதான். எதை வைத்தாலும் கலைஞர்களுக்குப் பேசிய தொகையை அன்றே கொடுங்கள், அவர்களுக்கும் ஒரு துண்டு போர்த்துங்கள், அதே பந்தியில் அவர்களுக்கும் இலை போடுங்கள். முன்னால் ஆடிக்கொண்டு வரவைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவதானால் மேளமே வேண்டாம்.

வெள்ளைக்காரர் வருவார் என்று ஊரே காத்திருந்தது. வந்தவர் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர். கூட்டம் சட்டென்று வடிந்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது?

ஆளைப் பற்றி முன்கூட்டியே சொல்லாததால் வரும் வினை. பெயர், ஊர், படிப்பு, புகைப்படம் நான்கையும் பள்ளிச் சுவரில் ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள். வேலூருக்கும் காட்பாடிக்கும் போய்வருகிறவர்கள் வி.ஐ.டி. மாணவர்களில் எல்லா நாட்டு முகங்களையும் பார்த்துப் பழகியவர்கள்தான். ஊருக்குள் விருந்தாளி என்று வரும்போது மட்டும் தோல் நிறம் கண்ணில் படுகிறது. வெள்ளைத் தோலுக்கு வைத்த தவிலை மற்றவருக்கு நிறுத்தினால் அது அவருக்கு நன்றாகவே புரியும், மொழி தேவையில்லை.

இதே வகைதான் கனடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் தமிழ்ப் பிள்ளைகள். நம்மைப் போலவே இருக்கிறார்களே, இவர்களுக்கு எதற்கு ஆரத்தி என்கிறார்கள். எடுங்கள். அவர்களுக்கு அதன் அருமை கூடுதலாகவே தெரியும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காரம் தாங்குவார்களா? பிரியாணி போட்டுவிடலாமா?

ஆம்பூர் பிரியாணி பக்கத்தில் இருக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கறி சாப்பிடாதவர் வந்தால் சங்கடம், செலவும் கூடும். இலை போட்டுச் சாதம், சாம்பார், முள்ளுக் கத்திரிக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம் என்றால் யாருக்கும் மனக்குறை இல்லை. களி கொடுக்கலாமா என்று வெட்கத்தோடு கேட்பவர்களுக்கு: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கொடுங்கள். சொல்லிக்கொடுக்காமல் விட்டால் ஒரு வாய்க் களியை ஐந்து நிமிடம் மென்றுகொண்டிருப்பார்கள்.

குடிநீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறியதாகவோ மூடி திறக்காத பாட்டிலாகவோ இருக்கட்டும். இலையில் தெளிக்கும் தண்ணீருக்கும் அதே விதிதான்.

போலீஸில் சொல்ல வேண்டுமா? விழா முடிந்த பிறகு சொன்னால் போதாதா?

போதாது. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவரும் விடுதிக்காரரைப் போலவே 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் கொடுக்க வேண்டும். சி படிவம் என்ற பழைய பெயரில்தான் பலரும் இதைச் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்காரர் ஒருவரைக் கேளுங்கள். சி.எம்.சி.க்கு வரும் வங்கதேச நோயாளிகளுக்காகத் தினமும் இதைச் செய்து, தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

விசாவை வரவேற்புக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியம் எதுவும் பெறாமல் அதிகபட்சம் ஒரு மாதம் மட்டுமே தன்னார்வப் பணி செய்யலாம். முதல் கேள்வியைக் கேட்டவர் மூன்று மாதம் என்றாரே, அதற்குப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பெயரில் வேலைவாய்ப்பு வகை விசா எடுத்திருக்க வேண்டும். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாட்களுக்குள் பதிவும் தேவை. அழைக்கும் நிறுவனம் இதையெல்லாம் முடித்ததா என்று ஊர் கேட்பதில் தவறே இல்லை.

மேடையிலேயே கோயில் திருப்பணிக்கு ஒரு தொகை கேட்டுவிடலாமா? அவர் விரும்பித்தானே கொடுப்பார்?

கேட்காதீர்கள். மாலை போட்ட கை இறங்குவதற்குள் நன்கொடைப் புத்தகத்தை நீட்டினால் அதுவரை செய்த அத்தனைக்கும் விலைச்சீட்டு ஒட்டியதாகிவிடும். சட்டமும் இடம் தராது. வெளிநாட்டுக் குடிமகன் ஒரு சங்கத்துக்கோ கமிட்டிக்கோ கொடுக்கும் பணம் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வருகிறது. ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அப்படித்தான். அதை வாங்கப் பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும், பதிவு பெற்ற அமைப்புகளுக்கே புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஊர்க் கோயில் கமிட்டிக்கு இதெல்லாம் எங்கே இருக்கப்போகிறது? ஊராட்சி உறுப்பினர்களுக்கும் அந்தச் சட்டத்தில் தனியாகத் தடை இருக்கிறது.

அவராகவே முன்வந்தால்? அவரை அழைத்த நிறுவனத்திடம் பேசச் சொல்லுங்கள். ஊர் அந்தப் பேச்சிலிருந்து விலகி நிற்கட்டும்.

அவர் பிள்ளைகளோடு படம் எடுத்து எல்லா இடத்திலும் போடுகிறார். வரவேற்பு நாளில் எப்படித் தடுப்பது?

தடுக்க வேண்டாம், ஒழுங்குபடுத்துங்கள். வரவேற்பில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று எடுக்கட்டும். தனிப் பிள்ளையின் படம், மூக்கு ஒழுகும் படம், பள்ளிப் பெயரோடு கூடிய படம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது, வெளியிடவும் கூடாது என்று தலைமை ஆசிரியர் மேடையில் வைத்தே சொல்லிவிடலாம். இது நம் ஊர் இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான். வந்த பெண்ணோடு செல்பி எடுக்க வரிசை கட்டுவதை நிறுத்தப் பொறுப்பான இரண்டு அக்காக்கள் பக்கத்தில் நிற்பது நல்லது.

கட்சிக்காரர்கள் தாங்களும் சால்வை போட வேண்டும் என்கிறார்கள். மறுத்தால் பகை.

ஊர் சார்பில் ஒரே சால்வை என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். கட்சிக்காரர்கள் தாராளமாக வரட்டும், ஊர்க்காரர்களாக உட்காரட்டும். கட்சித் துண்டு மட்டும் விருந்தாளி தோளில் விழக்கூடாது. அந்த ஒரு படம் போதும், அவர் விசாவுக்கே வினை. பேனர் வேண்டாம், அனுமதியும் செலவும் வீண். பள்ளிக் கரும்பலகையில் பிள்ளைகள் வண்ணச் சாக்கட்டியால் எழுதட்டும்.

இவ்வளவும் செய்து வரவேற்றோம். பத்தே நாளில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளம்பிவிட்டார். செலவுக்கு யார் பொறுப்பு?

ஊர்தான். அதனால்தான் செலவைக் குறைக்கச் சொல்கிறேன். மேலே சொன்னபடி ஒற்றைச் சரம், ஒரே சால்வை, கரும்பலகை, இலைச் சாப்பாடு என்றால் வீட்டுக்கு ஒரு படி அரிசியும் கொஞ்சம் சில்லறையும் தாண்டாது. ஊராட்சிப் பணத்தைத் தொட வேண்டாம், தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. திரட்டியதையும் செலவழித்ததையும் ஒரு தாளில் எழுதி மறுநாளே பள்ளிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கிளம்பியவரைத் திட்டி அனுப்பாதீர்கள். வயிறு கெட்டிருக்கும், வீட்டு நினைவு வந்திருக்கும், நாம் அறியாத வேறு ஏதாவதும் நடந்திருக்கலாம். மகளிர் குழுவில் ஒருவர் அவரைத் தனியாக உட்காரவைத்து, யாராவது தொந்தரவு செய்தார்களா என்று கேட்பது அவசியம். அப்படி ஏதாவது இருந்தால் அடுத்தவரை அழைப்பதற்கு முன் ஊர் அதைச் சரிசெய்தாக வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் காட்பாடி ஜங்ஷன் வரை ஒருவர் கூடப் போய் ரயிலேற்றிவிட்டு வாருங்கள். தங்கியிருந்தவர் கிளம்பியதையும் இணையவழியில் தெரிவிக்க மறக்க வேண்டாம்.